"அதோட குணம் எனக்குத் தெரியும்": தெரிந்த பழுதும் திறக்காத வால்வும் – ஒரு டைவிங் நிகழ்வு ஆய்வு

ஸ்கூபா டைவர்கள் தங்கள் கருவிகளைப் பற்றிப் பேசும்போது இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி காதில் விழும். சொந்த செட் வைத்திருப்பவர், "அதோட குணம் எனக்குத் தெரியும்" என்பார். வாடகைக்கு எடுத்தவர், "வாடகை சாமான்னா அப்படித்தான் இருக்கும்" என்பார். முன்னதில் பாசம் இருக்கிறது, பின்னதில் சலிப்பு. தண்ணீருக்கு அடியில் இரண்டும் ஒரே தீங்கைத்தான் செய்கின்றன. கருவி ஏதோ சொல்கிறது. அதை இவர் குணம் என்று தள்ளிவிடுகிறார், அவர் தலையெழுத்து என்று தள்ளிவிடுகிறார்.

கீழே விவரிக்கும் டைவ் தனி ஒருவருடையது அல்ல. விபத்து அறிக்கைகளிலும் பழுதுபார்க்கும் மேசையிலும் திரும்பத் திரும்பத் தென்படும் கண்ணிகளை ஒரே டைவாகக் கோத்திருக்கிறோம். எண்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வசதியாக வைத்தவை. இதில் வரும் ஒவ்வொரு கோளாறும் வழக்கமாக நிகழக்கூடியதுதான்.

டைவ்

இரண்டு பேர், படகிலிருந்து இறங்கும் டைவ். திட்டமிட்ட ஆழம் 22 மீட்டர். இருவரிடமும் 11.1 லிட்டர் அலுமினிய டேங்க், 200 பார் அழுத்தத்தில் காற்று.

முதலாமவர் சொந்த செட்காரர். ஆறு வருடங்களாக ஒரே ரெகுலேட்டர் (டேங்க் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி), ஒரே பிசிடி (காற்று நிரப்பி மிதப்பைக் கட்டுப்படுத்தும் அங்கி). ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவுவார், ரெகுலேட்டரில் டேங்கோடு இணையும் பாகமான ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் தூசி மூடியைத் துடைத்துத்தான் மாட்டுவார், வெயிலில் போடமாட்டார். பார்ப்பவர்கள் மெச்சும் செட். அதில் ஒரே ஒரு விஷயம், பிசிடியில் காற்று நிரப்பும் பட்டன் எப்போதாவது உள்ளே ஒட்டிக்கொள்ளும். கூட இறங்கும் ஜோடியிடம் அதை மறைக்கவும் இல்லை: "அந்தப் பட்டன் சில நேரம் ஒட்டும், ஒரு தட்டு தட்டினா விட்டுடும். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

இரண்டாமவர் வாடகை செட்காரர். நாற்பது டைவ் முடித்தவர். படகில் தன் டேங்க் வால்வைத் தானே முழுக்கத் திறந்தார். இறங்குவதற்குச் சற்று முன், உதவிக்கு நின்ற ஒருவர் பின்னாலிருந்து வால்வைத் தொட்டு "செக்" பண்ணினார். திறந்திருந்த வால்வை மூடியிருக்கிறது என்று நினைத்து, திறப்பதாக எண்ணி மூடும் பக்கம் முழுக்கத் திருப்பினார். பிறகு, "முழுசாத் திறந்து கால் சுற்றுத் திருப்பி வைக்கணும்" என்ற பழைய வழக்கப்படி கால் சுற்று எதிர்ப்பக்கம் திருப்பினார். ஆக, வால்வு கால் சுற்று மட்டுமே திறந்திருந்தது.

பிரஷர் கேஜ் 200 காட்டியது. இரண்டாமவர் இரண்டு முறை மெதுவாக மூச்சிழுத்துப் பார்த்தார், நன்றாகவே வந்தது. இருவரும் குதித்தார்கள்.

எட்டாவது நிமிடம், 17 மீட்டர் ஆழத்தில், இரண்டாமவர் கேஜைப் பார்த்தபோது முள் ஆடியது. இழுக்கும்போது சற்று இறங்கும், விடும்போது ஏறும். வாடகை கேஜ்தானே என்று விட்டுவிட்டார். பதினைந்தாவது நிமிடத்தில் மூச்சு கொஞ்சம் கனமாக வந்தது. வாடகை ரெகுலேட்டர்தானே என்று அதையும் விட்டுவிட்டார். பத்தொன்பதாவது நிமிடம், 22 மீட்டரில், நீரோட்டத்துக்கு எதிராகக் கொஞ்சம் உதைத்து நீந்த வேண்டியிருந்தது. அப்போது இழுக்க இழுக்கக் காற்று வரவில்லை. இழுக்காதபோது முள் 130ல் நின்றது, இழுத்தால் 40க்குக் கீழே விழுந்தது. "காற்று இல்லை" என்று கையசைத்தார்.

அந்த நேரத்தில் அவர் முதுகில் 1,400 லிட்டருக்கு மேல் காற்று இருந்தது.

முதலாமவர் ஆக்டோபஸை எடுத்துக் கொடுத்தார். அதாவது அவசரத்துக்கென்று வைத்திருக்கும் உபரி செகண்ட் ஸ்டேஜ் (ரெகுலேட்டரில் வாயில் வைக்கும் பாகம்). இரண்டாமவரின் முதல் மூச்சில் பாதி காற்று, பாதி உப்புத் தண்ணீர். உள்ளே புகுந்த தண்ணீரைக் காற்றால் வெளியே தள்ளும் பர்ஜ் பட்டனை அழுத்தி மறுபடி இழுத்தார், மறுபடியும் தண்ணீர். இருமல் வந்தது. ஆக்டோபஸைத் துப்பிவிட்டு, முதலாமவரின் வாயிலிருந்த ரெகுலேட்டரையே பிடுங்கிக்கொண்டார். இது துரோகம் அல்ல. காற்றுக்குத் தவிப்பவரின் கை, காற்று வருகிறது என்று கண்ணால் பார்த்த இடத்துக்குத்தான் போகும்.

முதலாமவர் பதறவில்லை. தன் ஆக்டோபஸைத் தானே வாயில் வைத்து, பர்ஜ் செய்து, நாக்கை மேலண்ணத்தில் வைத்துத் தண்ணீரைத் தடுத்து, மெதுவாக மூச்சிழுத்தார். இந்தத் தள்ளுமுள்ளில் இருவரும் இரண்டு மீட்டர் இறங்கிவிட்டார்கள். மேலே எழ, இடது கையால் நிரப்பும் பட்டனை ஒரு முறை அழுத்தினார். பட்டன் உள்ளே போனது, திரும்பி வரவில்லை.

அவருக்கு வைத்தியம் தெரியும்: ஒரு தட்டு. ஆனால் தட்டுவதற்கு ஒரு கை இன்ஃப்ளேட்டரை, அதாவது அந்தப் பட்டன் இருக்கும் பாகத்தை, பிடிக்க வேண்டும், இன்னொரு கை தட்ட வேண்டும். வலது கை ஜோடியின் தோள்பட்டையைப் பிடித்திருந்தது. அதை விட்டால் ஜோடி தன் வாயிலுள்ள ரெகுலேட்டரோடு விலகிப் போய்விடுவார். ஆறு வருடமாக வேலை செய்த வைத்தியம், இரண்டு கையும் நிதானமும் கிடைக்கும் நேரத்துக்கு மட்டுமான வைத்தியம் என்பது அந்த நொடியில்தான் தெரிந்தது.

24 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு சுமார் 40 விநாடி. அதாவது நிமிடத்துக்கு 36 மீட்டர் வேகம். இப்போது பரவலாகச் சொல்லப்படும் அளவு நிமிடத்துக்கு 9 மீட்டர். பழைய அளவு 18. பாதுகாப்புக்காக 5 மீட்டரில் நிற்கும் மூன்று நிமிட நிறுத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டாமவர் மேலே வந்ததும் தன் பிசிடியை நிரப்பப் பட்டனை அழுத்தினார். காற்று சொட்டுச் சொட்டாக வந்தது. வாயால் ஊதித்தான் மிதந்தார். இடுப்பில் இருந்த எடைப் பைகளைக் கழற்றிவிட வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. படகில் ஏற்றி நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்து, மருத்துவரிடம் காட்டினார்கள். உப்புத் தண்ணீர் நெஞ்சுக்குள் போனதால் இருமல், காதுவலி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இருவரும் ஏறும்போது மூச்சை அடக்கிக்கொள்ளாமல் விட்டுக்கொண்டே வந்ததுதான் நுரையீரலைக் காப்பாற்றியது. 24 மீட்டரில் அழுத்தம் 3.4 பார், மேலே 1 பார். அடக்கி வைத்திருந்தால் நுரையீரலில் இருந்த காற்று மூன்றரை மடங்காக விரியப் பார்த்திருக்கும்.

பிரித்துப் பார்த்தபோது

சொந்த செட்டின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் குறையே இல்லை. இடை அழுத்தத்தை (ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் குறைத்து செகண்ட் ஸ்டேஜுக்கு அனுப்பும் அழுத்தம்) கேஜ் மாட்டிப் பார்த்தால் 9.5 பார், பத்து நிமிடம் கழித்தும் கிட்டத்தட்ட அதே. டேங்க் காற்றை உள்ளே அடைத்து நிறுத்தும் உயர் அழுத்த சீட் தேய்ந்திருந்தால் இந்த முள் மெல்ல ஏறிக்கொண்டே போகும், கடைசியில் செகண்ட் ஸ்டேஜ் தானாகக் காற்றைக் கொட்ட ஆரம்பிக்கும். அப்படி எதுவும் இல்லை. உள்ளே வரும் காற்றை வடிகட்டும் சிறு உலோக ஃபில்டரும் சுத்தமாக இருந்தது. பச்சை பூத்திருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். செம்பழுப்புத் தூசி இருந்தால் ஏதோ ஒரு இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். வாயில் வைக்கும் செகண்ட் ஸ்டேஜும் அருமையாக இருந்தது.

ஆக்டோபஸின் கதை வேறு. மூச்சு வெளியேறும் பக்கம் காளான் குடை மாதிரி ஒரு மெல்லிய சிலிக்கான் வால்வு இருக்கும். அதன் ஓரம் ஒரு இடத்தில் உள்மடிந்து, மடிப்பில் மூன்று நான்கு மணல் துகள்கள் சிக்கியிருந்தன. ஆக்டோபஸை நெஞ்சுப் பகுதியில் பிடித்து வைக்கும் கிளிப் எப்போதோ தளர்ந்துவிட்டது. அதனால் டைவுக்கு டைவ் அது தரையில் இழுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அந்த வால்வில் ஒரு முடி அளவு இடைவெளி போதும். மூச்சிழுக்கும்போது உறைக்குள் அழுத்தம் குறைகிறது, உடனே அந்த வழியாகத் தண்ணீர் நுழைகிறது. பர்ஜ் செய்தால் தண்ணீர் வெளியேறும், அடுத்த மூச்சில் மறுபடி வரும். இரண்டாமவருக்கு நடந்தது அதுவே.

ஆறு வருடத்தில் அந்த ஆக்டோபஸில் யாரும் மூச்சுவிட்டுப் பார்த்ததில்லை. ஒவ்வொரு டைவுக்கு முன்னும் பர்ஜ் பட்டனை அழுத்திப் பார்த்திருக்கிறார்கள், புஸ் என்று சத்தம் வந்திருக்கிறது, "சரி" என்று தலையாட்டியிருக்கிறார்கள். பர்ஜ் சத்தம் காற்று வெளியே வருவதை மட்டும்தான் சொல்லும். தண்ணீர் உள்ளே வருமா என்பதை அது சொல்லாது.

இன்ஃப்ளேட்டருக்குள் உப்புப் படிகம். பட்டனின் தண்டிலும் அதற்குப் பின்னாலுள்ள சிறு வால்வின் ஸ்பிரிங்கிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. செட்காரர் கழுவாமல் விட்டவர் அல்ல. வாளித் தண்ணீரில் முக்கி எடுத்திருக்கிறார், வெளியே நன்றாகக் கழுவப்பட்டிருக்கிறது. பட்டனை அழுத்திக்கொண்டே உள்ளே தண்ணீர் ஓடவிட்டதில்லை. உப்புத் தண்ணீர் அந்த இடுக்கில் காய்ந்து, டைவுக்கு டைவ் ஒரு படலம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது.

வாடகை செட்டில் என்ன பழுது? ஒன்றும் இல்லை. ரெகுலேட்டர், கேஜ், இன்ஃப்ளேட்டர் மூன்றும் ஒழுங்காக வேலை செய்தன. வால்வு மட்டும்தான் திறக்கவில்லை.

கால் சுற்றுத் திறந்த வால்வு ஏன் மேலே நடிக்கிறது

இதைப் பலரும் சரியாகப் புரிந்துகொள்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வால்வு சிறிதளவு திறந்திருந்தாலும், யாரும் மூச்சிழுக்காதபோது டேங்கின் முழு அழுத்தமும் மெல்ல ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் வந்து நிரம்பிவிடும். கேஜ் 200 காட்டும். அது பொய் சொல்லவில்லை. அசையாமல் நிற்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுகிறது. கேள்வி, இழுக்கும்போது எவ்வளவு வேகமாகக் காற்று வரும் என்பது.

படகில் உட்கார்ந்து நிமிடத்துக்கு 15 லிட்டர் இழுப்பவர், 22 மீட்டரில் அதே மூச்சுக்கு 48 லிட்டர் எடுக்கிறார், ஏனென்றால் அங்கே அழுத்தம் 3.2 பார். நீரோட்டத்தை எதிர்த்து உதைத்தால் மேற்பரப்புக் கணக்கே 40 லிட்டர் ஆகும், ஆழத்தில் 128. இது போதாதென்று, குறுகிய துளை வழியே வரும் காற்றின் அளவு டேங்க் அழுத்தத்தோடு சேர்ந்து குறைகிறது. 200 பாரில் வந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான் 130 பாரில் வரும். தேவை எட்டு மடங்கு ஏறுகிறது, வரத்து மூன்றில் ஒரு பங்கு இறங்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் எப்போதும் ஆழத்தில், டைவின் பின்பாதியில், உழைப்பின் நடுவில்தான் வரும். அதனால்தான் மேலே இரண்டு மென்மையான மூச்சு எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

காட்டிக்கொடுக்கும் சோதனை இதுதான்: கேஜைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, இடைவெளி விடாமல் நான்கு ஆழ்ந்த மூச்சு. முள் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு சிறு துடிப்பு தெரிந்தாலும் வால்வில் கை வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் துடிப்பைக் கண்டால் உடனே ஜோடியைக் கூப்பிட்டு, வால்வைத் திறக்கும் பக்கம் திருப்பச் சொல்ல வேண்டும். எட்டாவது நிமிடத்தில் அதைச் செய்திருந்தால் இந்த நிகழ்வே எழுதப்பட்டிருக்காது. பிசிடி மந்தமாக நிரம்புவதும் இதே நோயின் இன்னொரு அறிகுறி.

கால் சுற்றுத் திருப்பி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. முழுக்கத் திறந்த நிலையில் இறுகிக்கொள்ளும் பழைய வால்வுகளுக்காக வந்த பழக்கம் அது. இன்றைய டேங்க் வால்வுக்கு அது தேவையில்லை. முழுக்கத் திறந்தது, முழுக்க மூடியது என இரண்டே நிலை இருந்தால், குழப்பத்தில் ஒருவர் முழுக்க மூடிவிட்டாலும் இரண்டு மூன்று மூச்சில், படகிலேயே தெரிந்துவிடும். கால் சுற்றுதான் ஆபத்தான நிலை. கடைசி நேரத்தில் யார் வால்வைத் தொட்டாலும், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், அந்த நான்கு மூச்சுச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

காற்றுக் கணக்கு

காற்று போதவில்லையா என்ற கேள்வி எழும். முதலாமவரிடம் அப்போது 120 பார் இருந்தது. இருவரும் பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர் வீதம் மூச்சுவிடுவதாக வைத்துக்கொள்வோம். 22 மீட்டரில் நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம்: 192 லிட்டர். 5 மீட்டர் வரை ஏற இரண்டு நிமிடம்: 282. மூன்று நிமிட நிறுத்தம்: 270. கடைசி அரை நிமிடம்: 38. மொத்தம் 782 லிட்டர், இந்த டேங்கில் 70 பார். ஐம்பது பார் மிச்சம் இருந்தது. (50 பாரோடு மேலே வந்தால் போதும் என்று மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இந்த 70ஐக் கவனிக்கட்டும். இது 22 மீட்டரிலிருந்து கிளம்பும் நொடியில் ஒருவர் டேங்கில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு.)

1992 முதல் 2003 வரை நடந்த 947 டைவிங் மரணங்களை ஆராய்ந்து, டைவர் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் ஆய்வாளர்கள் 2008ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொடக்கக் காரணம் தெரியவந்த மரணங்களில் 41 சதவீதத்துக்குக் காற்றுப் பற்றாக்குறை, 20 சதவீதத்துக்கு எங்காவது சிக்கிக்கொள்வது, 15 சதவீதத்துக்குக் கருவிச் சிக்கல். இந்த 15ஐச் சுட்டிக்காட்டி, "கருவி அவ்வளவாகக் காலை வாராது" என்று ஆறுதல் அடைபவர்கள் உண்டு. எங்கள் கருத்து வேறு. இந்த டைவை எந்தப் பெட்டியில் போடுவது? தொடக்கத்தில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை; டேங்கில் காற்றும் இருந்தது. ஆக்டோபஸும் இன்ஃப்ளேட்டரும் இரண்டாவது, மூன்றாவது கண்ணியாகத்தான் வந்தன. அதே ஆய்வில், தொடக்கக் காரணத்துக்கு அடுத்த கட்டமாக மிக அதிகம் பதிவானது அவசரமாக மேலேறுவது, 55 சதவீதம். கவனிக்காமல் விட்ட பாகங்கள் தங்கள் வேலையைக் காட்டுவது அந்த இடத்தில்தான்.

தன் வாயில் படும் பாகம்

செட்காரர் சோம்பேறி அல்ல, அதை மறுபடி சொல்லிவிடுகிறோம். அவர் உழைப்பு எங்கே போனது என்று பாருங்கள். தன் வாயில் இருக்கும் ரெகுலேட்டர், தன் காற்றைக் கட்டுப்படுத்தும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் இரண்டும் பளபளக்கின்றன. இன்னொருவர் வாய்க்கான ஆக்டோபஸ் மணலில் இழுபடுகிறது. இது சுயநலம் அல்ல. பயன்படுத்தும் பாகம் தினமும் பேசும். மூச்சு கொஞ்சம் கனத்தால் உடனே தெரியும். பயன்படுத்தாத பாகம் ஊமை. ஊமையாக இருப்பதை நலமாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம்.

இதற்கு அறிவுரையைவிட அமைப்பை மாற்றுவது பலன் தரும். ஃபுளோரிடாவின் குகை டைவர்கள், பில் ஹோகார்த் மெயின் பெயரால் வழங்கும் அமைப்பில், தன் வாயில் இருக்கும் ரெகுலேட்டரையே ஏழு அடி நீளக் குழாயில் வைத்து ஜோடிக்குக் கொடுக்கிறார்கள். உபரி, கழுத்தில் ரப்பர் வளையத்தில் தாடைக்குக் கீழே தொங்கும். கொடுத்தவர் அதைத் தான் எடுத்துக்கொள்வார். குகையின் குறுகலில் வரிசையாக நீந்திவர நீளக் குழாய் வசதி என்பது ஒரு காரணம். தவிப்பவர் கைக்குப் போவது, இப்போதுதான் வேலை செய்துகொண்டிருந்த ரெகுலேட்டர் என்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒன்றை நாங்கள் சேர்க்கிறோம்: உபரி தன் வாய்க்கே வரும் என்று தெரிந்தவர், அதை மணலில் விடமாட்டார். திறந்த நீரில் டைவ் செய்பவர்களுக்கு ஏழு அடி தேவையில்லை, ஐந்தடிக் குழாயே போதும்.

குழாயை மாற்ற முடியாதவர்கள் குறைந்தது இதைச் செய்யலாம்: இறங்குவதற்கு முன் ஜோடி சோதனையில், ஒருவர் ஆக்டோபஸில் மற்றவர் மூன்று மூச்சு இழுத்துப் பார்ப்பது. நல்ல தண்ணீரில் அலசிவிட்டால் அருவருப்பு இல்லை. நம்மைக் காப்பாற்றப்போகும் கருவியை நாமே சோதிக்கிறோம். பிறகு 5 மீட்டரில், தண்ணீருக்குள், அவரவர் தன் ஆக்டோபஸில் நான்கு மூச்சு. ஈரம் வருகிறதா என்று தண்ணீருக்குள்தான் முழுமையாகத் தெரியும்.

வீட்டிலேயே, டேங்க் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் தூசி மூடியை இறுக மாட்டி, செகண்ட் ஸ்டேஜை வாயில் வைத்து மென்மையாக இழுத்து அப்படியே ஐந்து விநாடி நிறுத்துங்கள். வெற்றிடம் பிடித்து நாக்கை இழுக்க வேண்டும், காற்று துளியும் வரக்கூடாது. வந்தால் மூன்று இடங்களில் ஒன்றில் கசிவு: வெளியேற்று வால்வு, உதரவிதானம் (உறைக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு), அல்லது வாய்ப்பகுதி ரப்பர். ரப்பரில் கிழிசல் பெரும்பாலும் கடிக்கும் மேட்டுக்குப் பின்னால், மடிப்பில் ஒளிந்திருக்கும். விரலால் விரித்துப் பார்த்தால்தான் தெரியும். அதைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டை அறுந்துபோனால் அழகான ரெகுலேட்டர் கையோடு போகும், ரப்பர் மட்டும் பல்லில் மிஞ்சும். மேலே சொன்ன ஆக்டோபஸ் இந்தச் சோதனையில் ஒரு நொடியில் தோற்றிருக்கும்.

பட்டன்

ஒட்டும் பட்டனைப் பற்றி ஒரு கொள்கை வைத்துக்கொள்ளலாம். ஒரு கோளாறைச் சமாளிக்கும் முறையை ஜோடியிடம் விளக்க வேண்டியிருந்தால், அந்தக் கருவி அன்றைக்கு இறங்கக்கூடாது. "ஒரு தட்டு தட்டினா விட்டுடும்" என்ற வாக்கியம் வாயிலிருந்து வரும்போதே டைவ் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்குள் பட்டன் மாட்டிக்கொண்டால், முதல் வேலை காற்றை வெளியேற்றுவது: தோள் டம்ப் வால்வின் கயிற்றை இழுத்துப் பிடிப்பது. பெரும்பாலான பிசிடிகளில் டம்ப் வழியே வெளியேறும் காற்று, இன்ஃப்ளேட்டர் வழியே வருவதைவிட அதிகம். இரண்டாவது வேலை, இன்ஃப்ளேட்டரில் செருகியிருக்கும் குறைந்த அழுத்தக் குழாயின் வளையத்தைப் பின்னுக்கு இழுத்துக் கழற்றுவது. இதைக் கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு, ஆழம் குறைந்த நீரில் பத்து முறையாவது செய்து பழகியிருக்க வேண்டும். எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று யோசிக்கும் இரண்டு விநாடியில் ஒரு மீட்டருக்கு மேல் ஏறியிருப்பீர்கள். பதட்டத்தில் கை தானாகப் போக வேண்டிய இடம் டம்ப் கயிறு. முதலாமவர் எண்ணம் போனது, ஆறு வருடம் பழகிய தட்டுக்கு.

கழுவும் முறையில் பலரும் தவறவிடுவதை மட்டும் சொல்கிறோம். ரெகுலேட்டரை முடிந்தால் டேங்கில் மாட்டி, காற்றுத் திறந்த நிலையிலேயே நல்ல தண்ணீரில் அரை மணி ஊறவிடுங்கள். அழுத்தம் இல்லாமல் ஊறவைக்கும்போது பர்ஜ் பட்டனைத் தொடக்கூடாது. தொட்டால் வால்வு திறந்து, தண்ணீர் குழாய் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை ஏறும். பிசிடியில், குழாயைக் கழற்றிவிட்டு, இன்ஃப்ளேட்டரின் இணைப்பு முனையில் தண்ணீரைப் பாய்ச்சியபடி நிரப்பும் பட்டனை இருபது முறையாவது அழுத்தி விடுங்கள். பிறகு வாய் முனை வழியாக ஒரு லிட்டர் நல்ல தண்ணீரை உள்ளே ஊற்றி, பாதி ஊதி, எல்லாப் பக்கமும் குலுக்கி, தலைகீழாகப் பிடித்துக் கொட்டுங்கள். நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். கரிப்பு நிற்கும் வரை இரண்டு மூன்று முறை. குழாய்களின் இரு முனைகளிலும் இருக்கும் ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளி அடியில் பாருங்கள். வெடிப்பும் துருவும் அந்த உறைக்குள்தான் பதுங்கும்.

சர்வீஸ் பற்றியும் ஒரு வார்த்தை. வருடம் ஒரு முறை அல்லது நூறு டைவ், எது முந்துகிறதோ அது என்பது பரவலான அளவு. சில தயாரிப்பாளர்கள் நடுவில் ஒரு பரிசோதனையோடு இரண்டு வருடம் தருகிறார்கள். உங்கள் மாடலின் கையேட்டில் உள்ளதே சரி. "நல்லாத்தான் ஓடுது, பிரிச்சா கெடுத்துடுவாங்க" என்று சர்வீஸுக்கு அஞ்சுபவர்களை நாங்கள் கேலி செய்யமாட்டோம். அதில் உண்மை உண்டு: பிரித்துப் பூட்டிய கருவியில் கோளாறு எழும் வாய்ப்பு முதல் சில டைவ்களில்தான் அதிகம். புதிய உயர் அழுத்த சீட் படிய நேரம் எடுக்கும், இடை அழுத்தம் சற்று நகரும். அதற்குப் பதில் சர்வீஸைத் தள்ளிப்போடுவது அல்ல. வாங்கியதும் வெற்றிடச் சோதனை, டேங்கில் மாட்டி ஒரு மணி நேரம் விட்டு இடை அழுத்தத்தைக் குறிப்பது, முதல் டைவ் 10 மீட்டருக்குள். பயணம் கிளம்பும் முந்தைய நாள் சர்வீஸ் செய்த ரெகுலேட்டரோடு ஆழமான டைவுக்குப் போவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வாடகைக்கு எடுப்பவர், வாடகை என்பதாலேயே இன்னும் கறாராக இருக்கலாம். முள் துடித்தால், மூச்சு கனத்தால், பட்டன் தயங்கினால், படகு கிளம்பும் முன் "இதை மாத்திக் கொடுங்க" என்று கேளுங்கள். நல்ல டைவ் கடைக்காரர் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளமாட்டார். தண்ணீருக்குள் தெரியவந்தால் அது கடையின் பிரச்சினையாக இருப்பது நின்று, உங்கள் பிரச்சினையாகிறது. கை தூக்கி டைவை முடித்துக்கொள்ளலாம். இந்த நிகழ்வில் எட்டாவது நிமிடமே அதற்குப் போதுமான காரணம் இருந்தது.

மேசையில் கடைசியாகப் பிரித்தது அந்தப் பட்டனைத்தான். வெதுவெதுப்பான தண்ணீரும் வெள்ளை வினிகரும் சரிபாதி கலந்து, தண்டையும் ஸ்பிரிங்கையும் கால் மணி நேரம் ஊறவைத்து, அலசி, புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டு, சிலிக்கான் கிரீஸ் மெல்லத் தடவிப் பூட்டினால் பட்டன் விரலை எடுத்த நொடி மேலே வந்தது. ஆக்டோபஸுக்கு ஒரு புது வெளியேற்று வால்வும் புதுக் கிளிப்பும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேர வேலை.